மாமா சொல்லாத சம்மதம்

“எனக்குக் கோபம் வந்தா நான் எப்படிடா பேசுறது?” என்று மாமா ஒரு தடவை திரையில் எழுதிக் கேட்டார்.

மாமா, அம்மாவின் தம்பி. லாரி ஓட்டியவர். வழிவிடாதவனை அவர் திட்டினால் நாலு வண்டி தாண்டிக் கேட்கும். அதனால் லாரி ஷெட்டில் அவர் பெயர் ‘ஹாரன்’. ஒரு நாள் சரக்கு இறக்கும்போது மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. உயிர் தங்கியது; கை, கால், குரல் எல்லாம் போய்விட்டன. இமை மட்டும் அசையும்.

பிறகு ஒரு நிறுவனம் சோதனைக்காக அவர் மூளையில் ஒரு சின்னக் கணினிச் சில்லை, அதாவது ‘சிப்’பை, வைத்தது. கையை அசைப்பதாக அவர் மனதில் நினைத்தால், கட்டிலுக்கு எதிரே உள்ள திரையில் ஒரு புள்ளி நகரும். அந்தப் புள்ளியை எழுத்து எழுத்தாக நகர்த்திப் பேசுவார். பள்ளிப் படிப்பு முடிந்து வீட்டில் இருந்த நான்தான் கருவியைப் பார்த்துக்கொண்டேன். அவர் எழுதிய முதல் முழு வாக்கியம்: “சாப்பாடு குழாய்ல வர்றதுல ஒரு நிம்மதி. அக்கா சமையல் நாக்குல படாது.”

“வாய் போயும் வாய்க்கொழுப்பு போகலை பாரு!” என்று அம்மா சிரித்துச் சிரித்து அழுதாள்.

ஆனால் கோபம் வந்தால் புள்ளி அவர் சொன்னபடி கேட்காது. வலப்பக்கம் வழுக்கி ஓடிவிடும். நிறுவனத்தில் சொன்னோம். நிதானமாக இருக்கச் சொன்னார்கள். யாரை? ஹாரனை! கண்டபடி எழுத்து விழுந்தால், தலையணையைச் சரிசெய்துவிட்டு அவர் ஆறும்வரை காத்திருப்போம்.

போன மாதம் நிறுவனம் சோதனையை நிறுத்தியது. சில்லை எடுப்பதா வைத்துக்கொள்வதா என்று கேட்க ஓர் அதிகாரி வந்தார். வைத்துக்கொண்டால் பழுதுபார்க்க யாரும் வரமாட்டார்கள். மாமா முந்தின நாளே எங்களிடம் எழுதியிருந்தார்: “ஓடுற வரைக்கும் ஓடட்டும்.”

அதிகாரி கட்டில் பக்கம் திரும்பவே இல்லை. “நாம பேசுறது இவருக்குப் புரியுமா?” என்று அம்மாவைக் கேட்டார். “இப்படியே கிடக்கிறவருக்கு இது எதுக்குங்க?”

மாமாவின் காது சிவந்தது.

அதிகாரி தன் கணினியைத் தட்ட, திரையில் இரண்டு கட்டங்கள் வந்தன. இடப்பக்கம் ‘இருக்கட்டும்’. வலப்பக்கம் ‘எடுத்துவிடுங்கள்’. புள்ளி வலப்பக்கம் ஓடி அந்தக் கட்டத்தில் விழுந்தது.

“சார், அவர் கோபமா இருக்கார். கொஞ்சம் கழிச்சுக் கேளுங்க” என்றேன். மாமா இரண்டிரண்டு தடவையாக இமையை மூடித் திறந்தார். எங்கள் வீட்டில் அதற்கு ‘இல்லை’ என்று அர்த்தம்.

“கண் சிமிட்டுறதுக்கு நீங்க என்ன அர்த்தம் வேணாலும் சொல்லலாம் தம்பி. இது அவர் மூளையிலிருந்து நேரா வந்தது.”

“அவன் மூளையை நாப்பது வருஷமா எனக்குத் தெரியும்யா!” என்று அம்மா கத்தினாள்.

அதிகாரி பதிவு செய்தார். அதோடு கருவியும் முடக்கப்பட்டுத் திரை அணைந்தது. பதிவான சம்மதத்துக்கு முன்னால் எங்கள் மறுப்பு எடுபடவில்லை. அடுத்த வாரம் சில்லை எடுத்துவிட்டார்கள்.

இப்போது இமையசைத்து எழுத்தைத் தேர்ந்தெடுக்க ஓர் அட்டையை அம்மா நீட்டினால் மாமா கண்ணை மூடிக்கொள்கிறார். அவள் போகும்வரை திறப்பதில்லை.

இப்படி ஒரு கருவி இருக்கும் வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், தயவுசெய்து இதை அவர்களிடம் சொல்லுங்கள். திரையில் பதில் வந்தாலும், கட்டிலில் இருப்பவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, அவர் ஆறியபின் இன்னொரு தடவை கேட்கச் சொல்லுங்கள்.