இரண்டு செட்டுக்கு ஒரு கிளிப்பு

"10.7.2005, ஞாயிறு. காற்று: மேற்கு, கொஞ்சம் பலம். மஞ்சள் விமானம், 31ஆம் தடவை. பறந்தது: நான்கு நிமிடம். சார்ஜ்:          முடிவு: விழுந்தது."

கோடு போட்ட நோட்டு ஒன்றில் இந்த வரி இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. நோட்டு முழுவதையும் இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். காலியாக விடப்பட்ட கட்டம் அது ஒன்றுதான்.

விருத்தாசலத்தில் ரேடியோவால் இயங்கும் குட்டி விமானங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது என்றால் ஊர்க்காரர்களே நம்புவதில்லை. மொத்தம் ஆறு பேர். பெயர்ப்பலகை, ரசீது எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் அப்பாவின் ஆம்னி வேனில் ஏறி, நல்லூர் போகும் வழியில் வறண்டு கிடந்த ஏரிக்குப் போவார்கள். கோயிலுக்கு வராத இரண்டு பேர் எதிரே டீக்கடையில் காத்திருப்பார்கள். "சாமியார பிரசங்கத்த கொஞ்சம் சுருக்கச் சொல்லுங்க சார், காத்து ஏறிடுது" என்று அப்பாவிடம் வாராவாரம் முறையிடுவார்கள்.

பீங்கான் சாமான்களைப் பொதிந்து அனுப்பும் தெர்மோகோல்தான் இறக்கைகளுக்கு. எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெயில் விளக்கெண்ணெயும் சேரும். திரும்பி வரும் ஆண்களை அம்மா வாசலிலேயே நிறுத்துவாள். "அப்பிடியே கெணத்தடிக்குப் போங்க. புள்ள பெத்த வூடு மாதிரி நாறுது."

அப்பா அறிவியல் வாத்தியார். விதிகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியவர் அவர். என் எழுத்து குண்டுகுண்டாக இருக்கிறது என்று மற்ற பக்கங்களை என்னிடம் கொடுத்தார். ஒவ்வொரு விமானமும் கிளம்புமுன் நான் போய் "சார்ஜ்?" என்று கேட்க வேண்டும். அவர்கள் "ஃபுல்லு" என்பார்கள். எழுதிக்கொள்வேன். விமானத்துக்குள் இருக்கும் சிறிய பேட்டரி தீர்ந்தால், கீழே நிற்பவர் கையிலிருக்கும் ரேடியோ செட்டு என்ன சொன்னாலும் அதற்குக் கேட்காது.

கேட்காமல் போக இன்னொரு வழியும் உண்டு. ஒரே அலைவரிசை எண்ணுள்ள இரண்டு செட்டுகளை ஒரே நேரத்தில் போட்டால், மேலே இருக்கும் விமானம் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் விழுந்துவிடும். அதற்காக ஒரு பலகை. அதில் துணி காயப்போடும் கிளிப்புகள், எண் எழுதி. தன் எண்ணுள்ள கிளிப்பை எடுத்துச் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்ட பிறகுதான் எவரும் செட்டின் ஸ்விட்சைத் தொடலாம். கிளிப் இல்லாமல் போட்டவர் அதன்பின் ஒருபோதும் ஏரியில் செட்டைத் தொடக்கூடாது. அது ஆறாவது விதி.

அம்மாவின் தம்பியான என் மாமா, செராமிக் கம்பெனி ஒன்றில் சூளைக்குச் சரக்கு ஏற்றுபவர். வாரம் ஆறு நாளும் பேச்சே இருக்காது. ஏழாம் நாள் ஏரியில் இறங்கியதும் வேறு ஆளாகிவிடுவார். அவருடைய கூட்டாளி சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வருவார். நான் அவரைச் சேத்தியாத்தோப்பு மாமா என்பேன். போர்வையில் சுற்றிய இறக்கையோடு அவர் ஏறினால், "ரெக்கைக்குத் தனி டிக்கெட்டு வாங்குங்க" என்பாராம் கண்டக்டர். இருவரும் சென்னையில் ஒரே கடையில், ஒரே நாளில் செட்டு வாங்கியவர்கள். இரண்டுக்கும் ஒரே எண் வாய்த்தது. மாற்றிக்கொள்ளலாம் என்று அப்பா பலமுறை சொல்லியும் மாற்றவில்லை. ஒருவர் விமானத்தை இறக்கியதும் தன் காலரிலிருந்து கிளிப்பைக் கழற்றி மற்றவர் காலரில் மாட்டிவிடுவார். "தாலி கட்டியாச்சா?" என்று மற்றவர்கள் கத்துவார்கள்.

அந்த ஞாயிறு மஞ்சள் விமானத்தின் முறை. சேத்தியாத்தோப்பு மாமா அதைப் பதினோரு மாதம் உழைத்துச் செய்திருந்தார். அன்று பஸ் தாமதம். வந்த வேகத்தில் எஞ்சினை முடுக்கினார். நான் கேட்கப் போகுமுன் விமானம் மேலே போய்விட்டது. இறங்கியதும் கேட்டுக்கொள்ளலாம் என்று வேனுக்குப் போனேன்.

வேனின் பின்சீட்டில் மாமாவின் செட்டு இருந்தது. ஸ்விட்சைப் போட்டால் அதன் முகப்பில் ஒரு முள் எழுந்து பச்சைக் கோட்டுக்குப் போகும். அதைப் பக்கத்திலிருந்து பார்க்க எனக்கு வெகுநாள் ஆசை. ஆன்டெனாவை இழுத்தேன். ஸ்விட்சைத் தள்ளினேன். முள் எழுந்தது. உடனே அணைத்துவிட்டேன். மூன்று எண்ணும் நேரம் இருக்கும்.

வெளியே எஞ்சின் சத்தம் மாறியிருந்தது.

சத்தம் மாறியது நான் ஸ்விட்சைத் தள்ளியதற்கு முன்னாலா, பின்னாலா? இத்தனை வருடமாக யோசித்தும் என்னால் வரிசைப்படுத்த முடியாதது அது ஒன்றுதான்.

"கேக்கல! கேக்கலடா!" என்று சேத்தியாத்தோப்பு மாமா கத்தினார். விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வட்டமடித்து, கரைக்கு அப்பால் கருவேல முள்ளுக்குள் போனது.

விழுந்த விமானத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் சேர்ந்து நடப்பார்கள். கடைசித் துண்டு சாக்குக்குள் போகும்வரை ஏன், எப்படி என்று யாரும் கேட்கக்கூடாது. நானும் பொறுக்கினேன். மஞ்சள் தெர்மோகோல் முள்ளில் குத்தி ஆடிக்கொண்டிருந்தது. ஒரே துண்டை இரண்டு தடவை கீழே போட்டேன். முள் குத்திவிட்டதா என்று மாமா கேட்டார். ஆமாம் என்றேன்.

சாக்கோடு வேனுக்குத் திரும்பியதும் அப்பா கேட்டார். "இந்த நம்பர்ல இன்னொரு செட்டு உன்னோடதுதான் மாப்ள. எங்க இருக்குது?"

மாமா வேனுக்குள் எட்டிப் பார்த்தார். செட்டை எடுத்தார். நீண்டிருந்த ஆன்டெனாவை ஒவ்வொரு கணுவாக உள்ளே தள்ளினார். தள்ளிக்கொண்டே என்னைப் பார்த்தார். எதையும் ஒழுங்காக மடித்து வைக்கும் மனிதர், அதைத்தான் செய்கிறார் என்று நினைத்தேன்.

"நான்தான் மச்சான்" என்றார். "முள்ளு எங்க நிக்குதுன்னு பாக்கப் போட்டுட்டேன்."

வானத்தைப் பார்த்து நிற்பவர்களுக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று தெரியாது. யாரும் மறுத்துப் பேசவில்லை.

"கிளிப்பு?"

"எடுக்கல."

சேத்தியாத்தோப்பு மாமா சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். தலை நிமிரவில்லை. "வுடுங்க சார். பிளேன்தான போச்சி. வேற காரணமாக்கூட இருக்கலாம்."

"வேற என்ன காரணம்? சொல்லு."

அவர் முடிச்சை இன்னும் இறுக்கினார்.

"அவனே ஒத்துக்கிறான். என் மச்சினன்னு வுட்டா நாளைக்கு எவன் ரூல கேப்பான்?" என்றார் அப்பா. சொல்லும்போது மாமாவைப் பார்க்கவில்லை. ஆனாலும் நோட்டை வாங்கி, என் வரிக்குக் கீழே எழுதினார்: "காரணம்: கிளிப் எடுக்காமல் செட்டைப் போட்டது." மாமா கையெழுத்துப் போட்டார்.

சேத்தியாத்தோப்பு மாமா காலரிலிருந்து கிளிப்பைக் கழற்றினார். பழக்கத்தில் கை மாமாவின் கழுத்து வரைக்கும் போனது. பிறகு திரும்பிப் பலகையில் மாட்டினார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கோபம் என்று நினைத்தேன். மாமாவும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. இருவரும் இல்லாத ஏரியில் சிரிப்பதற்கு ஆள் இல்லை. ஐப்பசியில் ஏரிக்குத் தண்ணீர் வந்தது. அது வடிந்த பிறகும் யாரும் போகவில்லை. மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுதல் ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டார். ஏழு நாளும் ஒரே மாதிரி ஆகிவிட்டார். நான் சொல்லவில்லை. சொன்னால் நோட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தேன். ஐந்தாம் வகுப்பில் நான் இழக்கப் பயந்தது அந்த நோட்டைத்தான்.

மாமா போய் மூன்று வருடமாகிறது. சாவுக்கு வந்த சேத்தியாத்தோப்பு மாமா பெட்டியருகே போகாமல் கோயில் வாசலிலேயே நின்றார். அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அந்த பிளேன் வுழுந்ததுலேருந்து இவரு மனுசனாவே இல்ல பாப்பா. அதுக்கு மொத நாளு ராத்திரி பூரா எங்க தெருவுல கரண்டே இல்ல. காலையில அந்த பேட்டரிய கையில வச்சிக்கிட்டு, போறதா வேணாமான்னு ஒக்காந்திருந்தாரு" என்றார். மேலே கேட்பதற்குள் யாரோ கூப்பிட்டு அழைத்துப் போனார்கள்.

தன் தவறு என்று மூன்று பேரில் யார் யார் நினைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள் என்று எனக்கு அன்றுதான் கணக்குப் பிடிபட்டது. கையெழுத்துப் போட்ட மாமா மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

நான் இப்போது ஊர் வரலாற்றுக் குறிப்புகள் எழுதுகிறேன். ஒரு குளம் வெட்டிய வருடத்தைக்கூட இரண்டு பேரிடம் கேட்காமல் எழுதுவதில்லை. சேத்தியாத்தோப்பு மாமா நலமாக இருக்கிறார். அவர் போன் நம்பர் நோட்டின் பின்னட்டையில் இருக்கிறது. ஒரு கேள்வி போதும். ஃபுல்லு என்று அவர் சொல்லிவிட்டால் மிச்சமிருப்பது நான் மட்டும்தான்.

10.7.2005 அன்று மஞ்சள் விமானத்தின் பேட்டரி சார்ஜ் ஆகியிருந்ததா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.