விதுஷன் கொடுத்த லீவு

விதுஷனுக்குப் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியின் மேல் பொறாமை. அவனுக்கு வயது முப்பத்தாறு. விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு பெரிய கிடங்கில் சூப்பர்வைசர். பதினான்கு பேர் அவன் சொன்னபடி கேட்கிறார்கள். ஆனால் அவன் வயிற்றெரிச்சல் மட்டும் அவன் சொன்னபடி கேட்கவில்லை.

சூப்பர்வைசர் ஆவதற்கு முன் அவன் அதே கிடங்கில் இரவு ஷிஃப்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். காலை ஏழு மணிக்குப் பிளாக்ஹவுஸ் பே பகுதியில் இருக்கும் வீட்டுக்கு வந்தால், மனைவி கம்சாயினி குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு எல்லர்ஸ்லியில் இருக்கும் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு ஓடுவாள். நான்கு வருடம் இப்படித்தான் போனது. மகள் லக்ஷிகா தூங்கினால் அவனும் தூங்குவான், அவள் விழித்தால் அவனும் விழிப்பான். மத்தியானம் பருப்புக்கறிச் சட்டிக்குள்ளேயே சோற்றைப் போட்டுக் குழைத்து, உருட்டி, அவள் உள்ளங்கையில் வைப்பான். அவனுடைய யாழ்ப்பாணத்து வீட்டில் அந்த உருண்டைக்கு ஏழு கைகள் போட்டி போட்டு நீளும். இங்கே நீண்டது ஒரு கைதான். அந்த ஒரு கை முழுக்கத் தனக்கே என்று நினைத்திருந்தான்.

பதவி உயர்வு வந்தது, பகல் ஷிஃப்டும் கூடவே வந்தது. பிள்ளையை யார் பார்ப்பது? ஓ பேர் ஒருத்தியை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவனே விதுஷன்தான். ஓ பேர் என்றால் வேலைக்காரி இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து, வீட்டில் ஒருத்தியாகத் தங்கி, பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் நாட்டைச் சுற்றிப் பார்க்கிற பெண். அப்படி வந்தவள்தான் ஜெர்மனிக்காரி மரைக்கே. வேலியில் போன ஓணானைத் தானே பிடித்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று பிறகு அவன் நொந்துகொண்டதற்கு அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

அவளுக்குக் கொடுத்ததும் அவன் பகலில் தூங்கிய அறையைத்தான். அவன் தேடி வாங்கிய தடித்த திரைச்சீலையைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் வேண்டும் என்றாள். செங்கல் மாதிரி ஒரு கறுப்புப் பாண், அவள் ஊர் ரொட்டி, சுட்டாள். சோற்றில் ஒரு சீரகம் பல்லில் பட்டாலே துப்புகிற லக்ஷிகா, விதையும் தவிடுமாக இருந்த அந்தச் செங்கலைக் கடித்துக் கடித்துத் தின்றாள். மழையென்றும் பாராமல் இரண்டு பேரும் கடற்கரைக்குப் போய்ச் சேறும் சகதியுமாகத் திரும்பினார்கள். விதுஷன் ஐந்து மணிக்கு வந்து சோற்றைக் குழைத்தால், “நோ தாங்ஸ் அப்பா” என்று பதில் வந்தது. தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில் சொல்கிற பிள்ளைதான், அது பழகிவிட்டது. அந்தத் ‘தாங்ஸ்’தான் பழகவில்லை. பெற்ற தகப்பனுக்கு யாராவது நன்றி சொல்வார்களா?

மரைக்கே போடும் பின்னல் தலையோடு ஒட்டி வளைந்து போகும். விதுஷனுக்குத் தெரிந்தது இரட்டைக் குடுமி மட்டும். அவன் விடவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் சரக்கு அடுக்கும் பலகையான ஒரு பாலெட்டில் மூன்று கயிறுகளைக் கட்டி, போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் பின்னிப் பழகினான். அவனோடு வேலை செய்யும் ஆனந்தராசா அண்ணர் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து நின்று பார்த்தார்.

“என்ன தம்பி, பாலெட்டுக்குக் கலியாணமோ?”

“சும்மா இருங்கோ அண்ணை. மகளுக்கு.”

“அதுக்குத்தானே ஒரு பிள்ளை வந்து நிக்குது எண்டு சொன்னனீர்?”

அதற்குத்தான் வந்து நிற்கிறாள், அதுதான் பிரச்சினையே என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சனிக்கிழமை அவன் போட்ட பின்னல் கிட்டத்தட்டச் சரியாகவே வந்தது. லக்ஷிகா கண்ணாடியைப் பார்த்துவிட்டு, மரைக்கே போட்டால் நோகாது என்றாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். அன்று பின்னேரம் பூங்காவில் லக்ஷிகா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்காலை உரசிக்கொண்டாள். விதுஷன் பக்கத்திலேயே நின்றான். முழங்காலிட்டு இரண்டு கைகளையும் விரித்தான். அவள் அழுதுகொண்டே எழுந்து ஓடி வந்து, அவனைத் தாண்டி, பின்னால் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த மரைக்கேயின் மடியில் முகத்தைப் புதைத்தாள். விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதுபோல் பாவனை செய்தான். அவன் போட்டிருந்தது செருப்பு.

இந்த நிலையில்தான் லக்ஷிகாவுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. இங்கே ஐந்து முடிந்தால் பள்ளிக்கூடம். அதற்கு முன்னால் சில காலைகளில் வகுப்பில் போய் இருந்து பழக வேண்டும். விதுஷனுக்கு வேலை, கம்சாயினிக்கு வேலை, எனவே மரைக்கேதான் கூட்டிப்போனாள். பள்ளிக்கூடம் தொடங்கும் முதல் நாளுக்காவது அவன் முந்திக்கொண்டான். இரண்டு மாதம் முன்னாலேயே அந்தத் திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக்கொடுத்து, அதைச் சாப்பாட்டு மேசையில் பெரிய செய்தியாக அறிவித்தான்.

லக்ஷிகா கொஞ்சம் யோசித்தாள். “மரைக்கே வில் டேக் மீ இன். அப்பா, யூ கேன் பார்க் த கார்.”

கம்சாயினி சிரித்துவிட்டாள். மரைக்கே, இங்கிலிஷ் மட்டுமல்ல மூஞ்சியும் வாசிக்கத் தெரிந்தவள், குனிந்து தன் தட்டைப் பார்த்தாள். விதுஷன் தட்டைத் தள்ளிவைத்தான். நான்கு வருடம் கடைந்தது நான், வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை உடைக்க ஒருத்தி வந்தாளே என்று வயிறு எரிந்தது.

மறுநாள் அவனுக்கு மரைக்கேயின் மேல் திடீரென்று இரக்கம் பொங்கிவிட்டது. பாவம், இவ்வளவு தூரம் வந்து ஏழு மாதமாகியும் இந்த நாட்டின் தென் தீவைப் பார்க்கவில்லையே! விமான டிக்கெட், பத்து நாள் பஸ் பயணம், எல்லாவற்றையும் அவனே போட்டு உறையில் வைத்துக் கொடுத்தான். திகதியைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது.

“ஆனால் இது லக்ஷிகாவின் முதல் நாள் வருகிற வாரம்.”

“மற்ற வாரங்களில் இடம் இல்லையாம்” என்று அவன் கூசாமல் சொன்னான்.

அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்படியென்றால் நீங்கள் கூட்டிப்போங்கள், விது. நான் அவளைத் தயார் செய்துவிட்டுப் போகிறேன்” என்றாள். பிறகு அவனைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னாள். அந்த வாடிய முகத்தைக் கண்டபோது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து என்ன பயன்? நன்றாகவே இருந்தது.

கம்சாயினியிடம் அந்த நாடகம் எடுபடவில்லை. “ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத மாதிரி இருக்கு. அந்தப் பிள்ளை எவ்வளவு ஆசையா இருந்தது தெரியுமோ?”

“நீர் ஒண்டு. நல்லது செய்தாலும் குறை.”

“உங்கட நல்லதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

திங்கட்கிழமை காலை விதுஷன் சலவை செய்த சட்டை போட்டான். ஒரு பொக்கெட்டில் பிஸ்கட், மற்றதில் கண் துடைக்கக் கைலேஞ்சி. பிள்ளை அழும், காலைக் கட்டிக்கொள்ளும், ஆசிரியை வந்து பிரித்தெடுப்பாள், அவன் யன்னலோரம் மத்தியானம் வரை நிற்பான். இதற்காகத்தான் முழு நாள் லீவு. காரை அவனே நிறுத்தினான், அவள் கையை அவனே பிடித்துக்கொண்டு போனான். கம்சாயினி போனில் படம் எடுத்தபடி பின்னால் வந்தாள்.

வகுப்பறை வாசலில் லக்ஷிகா நின்றாள். அவன் கழுத்தை ஒரு தரம் கட்டிப்பிடித்தாள், கன்னத்தில் ஒரு முத்தம், “வன், டூ, த்ரீ” என்று எண்ணினாள். பிறகு உள்ளே நடந்தாள். பையைக் கொளுக்கியில் மாட்டி, பாயில் போய் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த பையனிடம் ஏதோ கேட்டாள். திரும்பியே பார்க்கவில்லை.

“நீங்கள் போகலாம், அப்பா” என்று ஆசிரியை அன்பாகச் சொன்னாள். மணி ஒன்பது கூட ஆகவில்லை. பிஸ்கட்டைக் காரில் உட்கார்ந்து அவனே தின்றான்.

மூன்று மணிக்குக் கூட்டிவரும் வழியெல்லாம் வீட்டில் பல்லி வளர்க்கிற ஒரு பையனைப் பற்றியே கதை. நடுவில் விதுஷன் புகுந்து கேட்டான்.

“ஏன் செல்லம் அப்பாவைத் திரும்பிப் பாக்கேல்லை?”

திரும்பிப் பார்த்தால் அழுகை வருமாம். மரைக்கே சொன்னாளாம். தினமும் வீட்டு கேற்றடியில் இரண்டு பேரும் பழகினார்களாம், ஒரு கட்டிப்பிடி, ஒரு முத்தம், மூன்று வரை எண்ணிவிட்டு நடக்க வேண்டும். லக்ஷிகா ஒரு தரமும் அழவில்லையாம். மரைக்கேதான் ஒவ்வொரு தரமும் அழுதாளாம். அதைச் சொல்லி லக்ஷிகா சிரித்தாள். உடனே பல்லிக்கு என்ன சாப்பாடு என்று கேட்டாள்.

விதுஷனுக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிப் பார்க்கப்படாதவன் தான் ஒருவன் மட்டும் என்றல்லவா காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தான்! வீட்டில் அவன் பருப்போடு சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தென் தீவில் எங்கோ ஒரு பஸ் தரிப்பிடத்திலிருந்து மரைக்கே. பின்னால் காற்று இரைந்தது.

“எப்படிப் போனது? அழுதாளா?”

“இல்லை. நீ பழக்கியது போலவே மூன்று எண்ணிவிட்டுப் போனாள்.”

“நல்லது” என்றாள் அவள். “என்னைக் கேட்டாளா?”

இந்தக் கேள்விக்கான பதிலை மாதக்கணக்காக அவன் நாவின் நுனியில் வைத்திருந்தான். இல்லை என்ற ஒரே சொல். அது உண்மையும்கூட, அவனாகக் கேட்டிருக்காவிட்டால் லக்ஷிகா அந்தப் பெயரை எடுத்தே இருக்க மாட்டாள். கூடத்தில் அவள் போர்வைக்கு அடியில் பல்லியாக ஊர்ந்துகொண்டிருந்தாள்.

“கேட்டாள்” என்றான். “மூன்று தரம் கேட்டாள்.”

அங்கே மரைக்கே அழுதாள், சிரித்தாள், பஸ் கிளம்புகிறது என்று வைத்துவிட்டாள். விதுஷன் கையில் குழைந்த சோற்றோடு நின்றான். அவனே இட்டுக்கட்டிக் கொடுத்த அந்த மூன்று தரத்தின் மேலும் அவனுக்குப் பொறாமையாக இருந்தது.