விசா உசோமா

கரியடுப்பில் காய்ந்த பித்தளை அச்சை எடுத்து, இடது கன்னத்துக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்துச் சூடு பார்க்கிறார் உசோமா. சூடு போதாவிட்டால் தங்கத்தாள் ஒட்டாது. கூடிப்போனால் தோல் கருகிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சரியான சூடு எது என்பது அவருடைய கன்னத்துக்குத்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷத்தில் நான்கு தடவை கன்னம் தாமதமாகச் சொல்லியிருக்கிறது. நான்கு தழும்பும் அங்கேயே இருக்கின்றன. ஷூவுக்குள் குதிகால் படும் இடத்தில் தாளை விரித்து, அதன்மேல் அச்சை அழுத்தி, உதட்டுக்குள் மூன்று எண்ணி எடுப்பார். மேட் இன் இத்தாலி. அந்த நிமிஷம் முதல் அந்த ஷூ வெளிநாட்டுச் சரக்கு.

அபா நகரத்தின் ஷூ சந்தில் ஒருவரே ஒரு ஷூவை முழுதாகச் செய்வது கிடையாது. ஒருவர் தோல் வெட்டுவார், ஒருவர் தைப்பார், ஒருவர் கால் வடிவக் கட்டையில் இழுத்து அறைவார், ஒருவர் சோல் ஒட்டுவார். சந்தின் தலைக்கு மேலே பெரிய மின்கம்பிகள் போகின்றன. கீழே கரண்ட் வருவது யார் வீட்டு விசேஷத்துக்கோ என்பதுபோல எப்போதாவதுதான். எட்டுக் கை மாறி வருகிற ஷூவை ஒன்பதாவதாகத் தொடுகிறவர் உசோமா. அதற்கப்புறம் அட்டைப்பெட்டிதான். ஆகவே அவருக்கு 'விசா' என்று பெயர் வந்துவிட்டது. அவருடைய பழைய பால்பவுடர் டப்பாவில் இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், பிரேசில், லண்டன் எல்லாம் கிடக்கும். மூட்டையோடு வருகிறவர்களிடம், "இன்னிக்கு எந்த ஊருக்குக் கெளம்பிட்டீங்க?" என்றுதான் கேட்பார். இத்தனை நாடுகளுக்கு அனுப்பிவைத்த மனிதர் தெற்கே போர்ட் ஹார்கோர்ட்டையும் வடக்கே ஒனிட்சாவையும் தாண்டியதில்லை.

ஐம்பத்து மூன்று வயது. ஒல்லி. மழையோ வெயிலோ சிவப்புக் கம்பளித் தொப்பியைக் கழற்றமாட்டார். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பது அவருடைய கெட்ட பழக்கம். கல்யாணப் பந்தியில் தட்டைக் கவிழ்த்துப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் மருந்துப் புட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பார். எந்த நாடு என்று படித்துவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொள்வார். அவருடைய மனைவி அகுடோவுக்கு இதனால் பல இடங்களில் மானம் போயிருக்கிறது.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வராது. பதில் தயாராக வைத்திருந்தார். "வாங்கறவனுக்கு இத்தாலி வேணும். நான் போய், தம்பி இது பக்கத்து சந்துல செஞ்சதுன்னு சொல்லி அவன் கல்யாணத்தக் கெடுக்கணுமா?" இதே ஷூவை அபா என்று சொல்லி நீட்டினால் ஜனங்கள் மூக்கைச் சுளிப்பார்கள், இத்தாலி என்று சொன்னால் மூன்று மடங்கு கொடுத்து வாங்கிப் போய் ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலுக்குப் போட்டுக்கொள்வார்கள். இது ஊரறிந்த விஷயம்.

கச்சா எண்ணெய் நன்றாக விலைபோன காலத்தில் இந்த நாட்டுக்குப் பல்குத்தும் குச்சிகூடக் கப்பலில்தான் வந்தது. எண்ணெய் விலை சரிந்தது, டாலர் கண்ணில் படாமல் போயிற்று, உள்நாட்டுப் பணமான நைரா விழுந்தது, விழுந்தது எழவில்லை. போர்ட் ஹார்கோர்ட் துறைமுகத்திலிருந்து வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்த கண்டெய்னர் லாரிகள் வாரத்துக்கு ஒன்று இரண்டு என்று ஆகிவிட்டன. வெளிநாட்டு ஷூ விலையைக் கேட்டு ஆட்கள் கடையை விட்டு இறங்கி நடந்தார்கள். எண்ணெய் எடுக்கிற ஊரில் பெட்ரோலுக்குக் காலையிலிருந்து வரிசையில் நின்றார்கள். அப்போதுதான் இந்தச் சந்தை எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் சேற்றை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். பூட்டிக் கிடந்த பட்டறைகள் திறந்தன. கப்பல் குறைந்ததால் வேலை வந்தது. அதே கப்பல் குறைந்ததால் நல்ல பசை வரவில்லை, நல்ல சோல் வரவில்லை.

லாகோஸிலிருந்து வந்த கடைக்காரி பமிடேலே அம்மா ஒரு நிபந்தனை போட்டார். இனி தன் கடைக்கு வருகிற ஷூவுக்குள் அபா என்றுதான் இருக்கவேண்டும். இத்தாலி என்று இருந்தால் மூட்டையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவார். தன்னிடம் வாங்க வருகிறவர்களே இப்போது உள்நாட்டுச் சரக்கா என்று கேட்டு வாங்குகிறார்கள் என்றார். சந்தில் பாதிப் பேர் இதை நம்பவில்லை. உசோமா வீட்டில் கிடந்த பழைய பித்தளைக் குழாயை உருக்கக் கொடுத்து, முத்திரை வெட்டுகிறவரிடம் போய்ப் புது அச்சு ஒன்று வெட்டி வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். முதல் ஷூவில் அதை அழுத்தியதைப் பற்றிச் சொல்ல அவருக்கு வெட்கமில்லை. "இங்கிலீஷ்ல மூணே எழுத்து. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எதுக்குன்னு கேட்டா எனக்கே தெரியல."

அன்றிலிருந்து அவருக்கு இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. அச்சு வைப்பதற்கு முன் ஷூவின் மூக்கையும் குதிகாலையும் பிடித்து வில்லாக வளைக்கிறார். பிறகு சோல் ஒட்டிய விளிம்பை மோந்து பார்க்கிறார். பசை கிடைக்காமல் பலபேர் தெர்மகோலைப் பெட்ரோலில் கரைத்து ஒட்ட ஆரம்பித்திருந்தார்கள். பார்வைக்குத் தெரியாது, மழைக்காலம் வந்தால் தெரியும். அப்படிப்பட்ட ஷூவை ஓரமாக ஒதுக்கிவிடுவார். இத்தாலி போட்ட இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஷூவையும் அவர் வளைத்துப் பார்த்ததில்லை. விசா ஆபீசர் இப்போது மெடிக்கல் டெஸ்டும் வைக்கிறார் என்று சந்தில் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஷூவை ஒதுக்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

இந்தச் சிரிப்பு அகுடோவின் தம்பி இகெடி வந்த அன்று நின்றது.

இகெடி நல்ல கைகாரன். மலிவு ஷூ கண்டெய்னர் கண்டெய்னராக வந்து இறங்கிய காலத்தில் பட்டறையை மூடி, தையல் மெஷின் இரண்டையும் விற்று, நான்கு வருஷம் ஆட்டோ ஓட்டினான். பமிடேலே அம்மாவின் ஆர்டரில் நூற்றிருபது ஜோடி அவனுக்குக் கிடைத்தது. வாடகைக்கு ஒரு மெஷின் எடுத்து, பட்டறையை மறுபடி திறந்திருந்தான். வெள்ளிக்கிழமை லாகோஸுக்கு லாரி. இது போய்ச் சேர்ந்தால் பட்டறை நிற்கும். இல்லாவிட்டால் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி ஆட்டோதான். வியாழக்கிழமை மத்தியானம் ஆறு மூட்டையோடு வந்து இறங்கினான்.

உசோமா முதல் ஷூவை வளைத்தார். மூக்கில் சோல் வாயைத் திறந்தது. இரண்டாவது, மூன்றாவது என்று எடுத்து வளைத்தார். மோந்து பார்க்க அவசியமே இருக்கவில்லை. ஷூவைக் கீழே வைத்துவிட்டு, பால்பவுடர் டப்பாவைத் திறந்தார்.

"மச்சான், இதுக்கு இத்தாலி போட்டுத் தரேன். ஸ்பெயின் வேணும்னாலும் போடறேன். அபா போடமாட்டேன்."

இகெடி முதலில் வேடிக்கை என்றுதான் நினைத்தான். பிறகு கெஞ்சினான். நல்ல பசை டப்பா ஒன்றுக்கு மூன்று வாரமாக அலைந்த கதையைச் சொன்னான். அந்த அம்மா இத்தாலியை வாங்கமாட்டாள் என்பது அத்தானுக்குத் தெரியாதா என்றான். அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் அவனுக்கு வாய் தடித்தது.

"இருபது வருஷமா பொய் அடிச்ச கை இது. இன்னிக்குத் திடீர்னு சாமி வந்துடுச்சா?"

உசோமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சந்தில் பலர் அவருடைய தலையை அன்றுதான் பார்த்தார்கள். பாதி நரைத்திருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன் இகெடியின் அப்பா இறந்தபோது நடந்ததை ஊரே பார்த்தது. பெட்டி சுமக்க ஆறு பேர், வெள்ளைக் கையுறை, ஒரே மாதிரி கறுப்பு ஷூ, வாத்தியத்துக்குத் தக்கபடி அடியெடுத்து ஆடிக்கொண்டே வந்தார்கள். இகெடி தன் பட்டறையிலேயே ஆறு ஜோடி செய்திருக்கலாம். அப்பாவின் கடைசிப் பயணத்துக்கு உள்ளூர்ச் சரக்கா என்று அவனுக்கு மனசு ஒப்பவில்லை. போர்ட் ஹார்கோர்ட்டில் பெரிய கடையாகத் தேடிப் போய் இத்தாலி ஷூ வாங்கிவந்து மாட்டிவிட்டான். வாசற்படி இறங்கும்போது முன்னால் போனவனின் ஷூ பிய்ந்து சோல் மடங்கியது. அவன் தடுக்கினான், பெட்டி சாய்ந்தது. உள்ளே கிழவர் இடித்துக்கொண்ட சத்தம் வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. அகுடோ மயங்கி விழுந்தாள். அப்பனும் மகனும் கடைசி ஒரு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. அந்த மனத்தாங்கலோடு போகிறார், வாசலைத் தாண்ட மனசில்லை என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். இகெடி அதை நம்பினான். அப்பாவின் கல்லறைக்குப் போவதை அன்றோடு விட்டுவிட்டான்.

உசோமா இப்போது, யாருக்கும் கேட்கவேண்டாம் என்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

"உங்கப்பா உன் மேல கோவமா போகல, மச்சான். அந்த ஷூ நம்ம சந்துல செஞ்சது. இந்த இத்தாலி அச்சுல கடைசி 'ஒய்' எழுத்துக்கு வால் உடைஞ்சிருக்கு பாரு. அன்னிக்கு அந்த ஆளு குனிஞ்சு ஷூவைக் கழட்டினப்போ உள்ள பார்த்தேன். வால் இல்ல."

இகெடி அச்சை வாங்கிப் பார்த்தான்.

"அப்பவே தெரியுமா?"

"தெரியும். எல்லாரும் இத்தாலியைத் திட்டினாங்க, இல்லாட்டி உன்னைத் திட்டினாங்க. என்னை யாரும் திட்டல. எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு."

இகெடி அச்சை மேஜைமேல் வைத்தான். மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான். உதவிக்குப் போனவர்களைக் கிட்டே வரவிடவில்லை.

வீட்டில் அகுடோ கத்திச் சண்டை போட்டிருந்தால் உசோமாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் வேளாவேளைக்கு மரவள்ளிக் களியும் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். ஆனால் கல்யாணமான நாள் முதல் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுகிறவள், தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தம்பியின் பிழைப்பில் மண்ணைப் போட்டதற்கா, ஆறு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்ததற்கா என்று உசோமா கேட்கவில்லை. இரண்டுக்கும்தான் என்று அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை லாரி இகெடியின் மூட்டை இல்லாமல் போயிற்று. கடைக்குப் போகும்போது இகெடியின் பட்டறைப் பக்கமாகப் போகாமல் சுற்றிப் போனார். சனிக்கிழமை யாரோ அவருடைய மேஜைமேல் 'பரிசுத்த உசோமா' என்று கரியால் எழுதியிருந்தார்கள். அதை அவர் துடைக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலையில் இகெடி மூட்டைகளோடு வந்து நின்றான். பத்து விரலில் ஏழில் துணி சுற்றியிருந்தது. அவனே லாகோஸுக்குப் போன் போட்டுப் பசைச் சமாச்சாரத்தை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறான். அந்த அம்மா அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எத்தனை நல்லதாகத் தேறுமோ அத்தனையை அனுப்பு என்றாராம். பசையை நம்பாமல் ஒவ்வொரு சோலையும் சுற்றிக் குத்தூசியால் கையால் தைத்திருந்தான். எண்பத்தாறு ஜோடி தேறியிருந்தது. மெஷின்காரரிடம் இன்னும் ஒரு மாதம் கேட்டிருப்பதாகச் சொன்னான்.

உசோமா ஷூவை எடுத்தார். வளைத்தார். தையல் இழுத்துப் பிடித்தது. கொடுத்ததையெல்லாம் வளைத்தார், மைத்துனன் என்று ஒன்றையும் விடவில்லை. பிறகு கரியை ஊதி, புது அச்சை அடுப்பில் போட்டார். சாயங்காலம் வரை ஒருவன் எடுத்துக் கொடுத்தான், ஒருவர் அழுத்தினார்.

கடைசி மூட்டையின் அடியிலிருந்து ஒற்றை ஷூ ஒன்றை இகெடி எடுத்து வைத்தான். கறுப்பு, பெரிய அளவு, தோல் வெடித்துப் பழசாகியிருந்தது. சோலைச் சுற்றிப் புது நூல் வெள்ளை வெளேரென்று ஓடியிருந்தது. அன்று வாசற்படியில் பிய்ந்த அதை அவன் ஆறு வருஷமாகத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது உசோமாவுக்குத் தெரியாது.

"இதுக்கும் போடுங்க, அத்தான். ஞாயித்துக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போறேன். எடுத்துட்டுப் போகணும்."

உசோமா ஷூவுக்குள் கையை விட்டார். வாலில்லாத இத்தாலி இன்னும் மங்கலாக மின்னிக்கொண்டிருந்தது. அதைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிச் சுரண்டித் துளி இல்லாமல் எடுத்தார். தங்கத்தாளை விரித்தார். அபா அச்சைக் கன்னத்தருகே பிடித்துப் பார்த்துவிட்டு அழுத்தினார். அவருடைய உதடு மூன்று வரை எண்ணியது. அதற்குப் பிறகும் எண்ணிக்கொண்டே இருந்தது. "அத்தான், கருகுது" என்று இகெடி சொன்ன பிறகுதான் கையை எடுத்தார்.