மூடிய பெட்டியும் மேல் லயத்துச் சுவரும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதர் சங்கச் செயலாளர் நான். கூட்டம் கூடினால் முதலில் என் பிரசங்கம்தான். "தெரியாத லிங்க் வந்தா தொடாதீங்க, கள்ளன நாமளே வீட்டுக்குள்ள கூப்பிடுற வேல அது." எல்லாரும் தலையாட்டுவார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

போன மழைக்கு மேல் லயத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில் அக்கா ஒருவரின் வீட்டுச் சுவர் கை நுழைகிற அளவுக்குப் பிளந்துவிட்டது. புது வீட்டுத் திட்டத்தில் அவர் பெயர் சேர வேண்டுமென்றால் அந்த வெடிப்பின் படம் வேண்டும். நானே எடுத்தேன். போன் நிறைந்துவிட்டதென்று மடிக்கணினிக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்தும் விட்டேன். அவ்வளவு கெட்டிக்காரி!

அடுத்த வாரம் மின்னஞ்சலில் 'வீட்டுத் திட்டப் பெயர்ப் பட்டியல்' என்று ஒரு சுருக்கிய கோப்பு வந்தது. லிங்க் இல்லையே, கோப்புதானே! அதை விரிக்கிற மென்பொருளைத் திறந்தால் எப்போதும் திரையில் ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்கும். காசு கேட்கிறதாக்கும் என்று வருஷக்கணக்காக வாசிக்காமலே மூடி வந்தேன். அன்றும் மூடினேன். பட்டியல் விரிந்தது, எந்த ஊர்ப் பெயர்களோ. மறுநாள் காலை கணினியைப் போட்டால் ஒரு படமும் திறக்கவில்லை.

ஹட்டனில் கணினி திருத்தும் பாயிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். "பட்டியலோட இன்னொன்னும் வந்திருக்கு தங்கச்சி" என்றார். முன்னறையில் உட்காரச் சொன்ன விருந்தாளி நேரே அடுப்படிக்குள் போய்ப் படுத்துக்கொண்ட கதைதான். நான் காட்டிய இடத்தில் விரியாமல், கணினி தொடங்கும்போதே தானாக ஓடுகிற இடத்தில் போய் ஒளிந்து, காலையில் படங்களையெல்லாம் பூட்டிவிட்டிருக்கிறது.

"விரிக்கிற மென்பொருள்ல இருந்த இந்த ஓட்டைய, அத செஞ்சவங்க எப்பவோ அடைச்சிட்டாங்க. புதுசு போடுங்கன்னு பெட்டி வந்திருக்குமே?"

"வந்துச்சு பாய்."

படங்கள் போனது போனதுதான். சரி, திரும்ப எடுக்கலாமென்று மேல் லயத்துக்கு ஏறினேன். வீட்டுத் திட்ட அதிகாரி பார்க்க வருகிறார் என்று தோட்ட நிர்வாகம் அதற்குள் வெடிப்பில் சீமெந்து அப்பி வெள்ளையடித்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவர்கள் நேரத்துக்குச் செய்த ஒரே வேலை! அதிகாரி வந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், நல்லாத்தானே இருக்கிறது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அக்கா என்னை ஏசியிருந்தாலும் பரவாயில்லை. படம் போனது தெரியாமல், "நீ படம் எடுத்தியேம்மா, அதக் காட்டு" என்றார்.

செத்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

இப்போது எந்தப் பெட்டி வந்தாலும் எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன். மழை பிடித்தால் அக்கா என் வீட்டில்தான் படுக்கிறார். வெள்ளையடித்த சுவர் மறுபடியும் பிளந்துவிட்டது. படமெடுத்து மூன்று இடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன். வீட்டுத் திட்டப் பெயர்ப் பட்டியலைத்தான் மூடிவிட்டார்கள்.