குறுக்கே கிடந்த மரக்கட்டை

தம்பின் நகருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஓட்டுகிறவன் சுகுமாறன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவன் வாய் நிறைய வசவுதான். மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிக் குவித்துத் தொடாமல் வைத்திருந்த வீடியோ கேம்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருந்தான். ஒரு கேமின் லெவலை இன்னொன்றோடு ஒப்பிட்டு, அமைத்தவனைத் திட்டித் தீர்ப்பான்.

அன்று கேமின் கதாநாயகன் ஒரு மரக்கட்டையின் முன் நின்றுவிட்டான். அதைத் தாண்ட வழியில்லை. மலையைச் சுற்றித்தான் போகவேண்டும்.

"போன கேம்ல பாலத்த ஒடச்சாலும் நீந்தவாவது விட்டான். இங்க ராட்சசனயே கொன்னவன் ஒரு கட்டயத் தாண்ட மாட்டானா? மூளையில்லாத பய போட்ட பாத லா இது. நடக்கறவன் கஷ்டம் இவனுக்குத் தெரியுமா?"

அவன் மனைவி லோகேஸ்வரி அப்போதுதான் கோயிலிலிருந்து திரும்பி, வாசலில் செருப்புச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். செம்பனைப் பழத் திருட்டைத் தடுக்க மேனேஜர் சொன்னாரென்று, போன மாதம் கோயில் பாதையின் குறுக்கே பள்ளம் வெட்டியவன் சுகுமாறன்தான். அன்றிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனம் மொத்தமும் தோட்டத்தைச் சுற்றித்தான் சாமி கும்பிடப் போகிறது.

"அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "அவனும் பெக்கோ மேலயே உக்காந்திருப்பான்."