வாய் மட்டும் வரவில்லை

அசையாமல் உட்கார்ந்திருப்பதும் ஒரு தொழில்தான். படம் எழுதுகிறவர் முன்னால் உட்கார்ந்து, மூக்கு நுனி அரித்தும் சொறிய முடியாமல் தவித்தவர்களுக்கு அது தெரியும். உங்களைச் சிரிக்க வைப்பதாக வாக்குத் தருகிறேன். ஆனால் உடனே இல்லை. என் குரலை நம்பி ஏமாந்தவர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு வருகிறேன்.

வக்கீல் வரைந்த குடம்

என் பெரியப்பா மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் தலை நரைக்கும்வரை டிராயிங் மாஸ்டர். ஒருநாள் பழைய மாணவர் பார்க்க வந்தார். மாம்பலத்தில் புதுப் பங்களா கட்டிய வக்கீல். அவருக்கே பாதித் தலை நரை. பெரியப்பா குளித்துக்கொண்டிருந்தார். வக்கீல் சும்மா இராமல் கிடந்த காகிதத்தில் ஒரு குடம் வரைந்தார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து பெரியப்பா மாதிரியே கனைத்து, கழுத்து கோணல்டா என்றேன். அவர் விறைப்பாக எழுந்து நின்றார். "அழிச்சுட்டு மறுபடியும் போடறேன், சார்."

அஞ்சலையின் ஆத்தா

போட்டோகூட இல்லாமல் இறந்துபோனவர்களை, வீட்டார் சொல்வதைக் கேட்டே பெரியப்பா எழுதிவிடுவார். கண்ணையும் மூக்கையும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். வாயைத்தான் சொல்லத் தெரியாது. அதற்குத்தான் நான். இறந்தவர் எப்படிப் பேசுவார் என்று வீட்டார் பேசிக் காட்டினால், அதே குரலில் நானும் பேசுவேன். குரல் சரியானால் என் வாயும் அவர் வாயாகிவிடும். பெரியப்பா அதைப் பிடித்துக்கொள்வார்.

மீன் விற்கும் அஞ்சலை தன் ஆத்தாளுக்காக வந்தாள். அவள் பேசிக் காட்டியபடி நான் மத்தியானம் முழுக்கத் திட்டினேன். முடிந்த படத்தைப் பார்த்ததும் அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "இன்னா சாமி, இப்பவே என்னை வையும்போல கீது."

பெரியம்மா

படம் எழுதினால் ஆயுசு குறையும் என்று பெரியம்மா கடைசிவரை பெரியப்பா முன்னால் உட்காரவே இல்லை. போட்டோவுக்கும் மாட்டேன் என்றுவிட்டாள். போன தை மாசம் போய்விட்டாள்.

பெரியப்பா அவளை எழுத ஆரம்பித்தார். கண் வந்தது, காதில் வைரத்தோடும் வந்தது. வாயை மட்டும் எழுதுவதும் சுரண்டுவதுமாக இருந்தார். அவர் கண்ணிலும் புரை வளர்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் துணி போட்டு மூடிவிட்டார். "ஊர்ல இருக்கறவா வாயெல்லாம் தெரியறது. இவ வாய் மறந்துபோச்சுடி."

கும்பகோணத்து ஆர்டர்

சித்திரையில், கும்பகோணத்தில் யாரோ இறந்துபோன தன் மனைவி படம் கேட்டிருப்பதாகப் பெரியப்பா சொன்னார். அந்த அம்மாள் திட்டும்போதே சிரிப்பாளாம். வீட்டார் வர முடியாதாம். உனக்குத் தெரிந்த மாமிகளைப் பேசு, பார்க்கலாம் என்றார்.

வெண்ணெய்க்காரி, எதிர்வீட்டு மாமி, பாட்டு டீச்சர் என்று பேசினேன். பிரஷ் அசையவில்லை. ஆள் தீர்ந்துபோய்ப் பெரியம்மாவை எடுத்தேன்: "ஏன்னா, காப்பி ஆறிண்டிருக்கு. படத்துல இருக்கறவாளா வந்து குடிக்கப் போறா?"

பிரஷ் ஓடியது. இன்னொரு தரம் என்றார். மறுபடியும் இன்னொரு தரம். கும்பகோணத்து அம்மாளும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் உற்சாகமாகக் காப்பியை ஆறவிட்டுக்கொண்டே இருந்தேன்.

முடிந்ததும் பலகையைத் திருப்பினார். காதில் அதே வைரத்தோடு. அதற்குக் கீழே, திட்டிக்கொண்டே சிரிக்கிற வாய். இது பெரியம்மாவாச்சே என்றேன். அதை மட்டும் என் சொந்தக் குரலில். அவர் பிரஷைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முன்னாடியே சொல்லியிருந்தா நீ அழுதிருப்பே. அப்புறம் வாய் எங்கேர்ந்து வரும்?"

ஊர்க் குரலெல்லாம் பேசி ஊரை ஏமாற்றிய என்னை, பொய் சொல்லவே தெரியாதவர் என்று வீட்டில் எல்லோரும் நம்பிய மனுஷர்தான் ஏமாற்றினார்.