பாவாயி வாங்காத கடன்

ஊரில் குறும்பு என்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள். பாவாயக்கா செய்ததைப் பார்த்த பிறகு அந்தப் பட்டத்தை நான் வைத்துக்கொள்வது நியாயமில்லை.

சங்ககிரி ரோட்டுக்குச் சல்லி உடைக்கிறவள் அவள். நானும் அங்கேதான் கூடை தூக்கினேன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. கல் தெறித்து அவளுக்கு இடக்கண் போய்விட்டது. மற்றதும் போவதற்குள் ஒரு கறவை எருமை வாங்கிவிட்டுச் சுத்தியலைக் கீழே போட வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

புருஷன் செத்துவிட்டான், பிள்ளை இல்லை. ஆனாலும் சந்தை நாளில் மேஸ்திரி கொடுக்கும் கூலி வீடு போய்ச் சேராது. கொழுந்தன் செங்கோடன், அண்ணியை 'நங்கை, நங்கை' என்று கூப்பிட்டுக்கொண்டு வந்து நிற்பான். அவன் போனால் கோயில் நோம்பிக்கு வரி. அதுவும் போனால் யார் வீட்டுக் குழந்தைக்காவது காய்ச்சல். யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. எல்லோருக்கும் நிஜமான கஷ்டம்தான். கையில் காசை வைத்துக்கொண்டு இல்லையென்று சொல்ல அவளுக்கு நாக்கு வராது. ஒரு தடவை அடுப்படியில் புதைத்து வைத்தாள். பக்கத்து வீட்டுச் சுவர் மழைக்கு விழுந்ததும் அவளே தோண்டிக் கொடுத்துவிட்டாள்.

அப்புறம் திடீரென்று கடனாளி ஆனாள். செத்த புருஷன் வெற்றிலைக் கடை மயிலம்மாளிடம் வாங்கியிருந்தானாம். சந்தைக்குச் சந்தை, கூலி போடுகிற நேரத்துக்கு மயிலம்மாள் வந்து இடுப்பில் கைவைத்து நிற்பாள்.

"ஏண்டி பாவாயி, உன்ற புருசன் போனா கடனும் போச்சுன்னு நெனச்சியா? எடுடி காச!"

"அரிசிக்காச்சும் உடுங்கக்கா..."

"அரிசி கேக்குதா உனக்கு? ராகி வாங்கிக் களி கிண்டு!"

ராகிக்கு மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைப் பிடுங்கிப் போவாள். செங்கோடன் தூரத்திலேயே திரும்பிவிடுவான். சேர்த்து வைத்தவளிடம் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. கடன்பட்டவளிடம் கேட்க யாருக்கும் மனசு வரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் மயிலம்மாளின் வெற்றிலைக் கூடையில் ஓணானை விடலாமென்று பின்னாலேயே போனேன். புளியமரத்து மறைவில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். திட்டினவள் வெற்றிலை மடித்துக் கொடுக்க, அழுதவள் மென்றபடியே, "இன்னிக்கு கொஞ்சம் கம்மியாத் திட்டிப்போட்டீங்கக்கா" என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எருமைக்குச் சேர்ந்த காசு மூட்டை. கையிலிருந்த ஓணான் நழுவி ஓடியே போயிற்று.

மயிலம்மாள் என்னைப் பார்த்துவிட்டாள். "வெளிய சொன்னீன்னா தோலை உரிச்சுப்போடுவேன், சாமி" என்றாள். சொல்லவில்லை. அப்படிப்பட்ட வேலையைக் கெடுக்க எனக்கு மனசு வருமா?

மாசி மாதத்தில் ஒரு சந்தை நாளன்று மயிலம்மாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அன்றைய கூலியையும் சேர்த்தால்தான் எருமை விலை தேறும். தரகர் சந்தையில் எருமையோடு காத்திருந்தார். அந்த நேரம் பார்த்து வந்தான் செங்கோடன்.

"நங்கை, வண்டிச் சக்கரம் ஒடஞ்சு கெடக்குதுங்க. இன்னிக்குத்தான் அந்தப் பேயி வரலீங்களே..."

பாவாயக்காவின் மூடிய விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிவதைப் பார்த்தேன். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, காச எடுங்க! மயிலம்மா என்னை அனுப்பிச்சாங்க. தரலீன்னா ஊட்டுக் கதவக் கழட்டிட்டு வரச் சொன்னாங்க!"

ஒற்றைக் கண்ணால் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அழுதாள் பாருங்கள், எனக்கே மயிலம்மாள் மேல் கோபம் வந்துவிட்டது. செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டான். மடியிலிருந்து ஓரணாவை எடுத்து, "இதையும் கொண்டுபோயி அந்தப் பேய்கிட்டக் குடுறா" என்றான்.

வழியெல்லாம் பகோடா வாசனை. காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மயிலம்மாள் வீட்டுக்கு ஓடினேன்.

எருமை வந்தது. மயிலம்மாளின் எருமையாம்; பாலில் பாதி என்ற பேச்சில் பாவாயக்கா மேய்க்கிறாளாம். ஊரே உச்சுக் கொட்டியது. அவள் சுத்தியலை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டாள். கன்று போட்டதும் முதல் சீம்பால் செங்கோடன் பிள்ளைகளுக்குப் போயிற்று. கூடவே ஓரணாவும், சக்கரத்துக்குக் கொஞ்சமும்.

"மயிலம்மா குடுத்தனுப்பிச்சாங்க" என்றாள்.

செங்கோடன் வாயைப் பிளந்தான். "பேய்க்கும் மனசிருக்குதாட்டங்க!"

அது மயிலம்மாள் காதுக்கும் எட்டியது. புளியமரத்தடியில் பாவாயக்காவைப் பிடித்து நிஜமாகவே திட்டினாள்.

"பாடுபட்டு வாங்கின பேரு! ஒரே நாள்ல கெடுத்துப்போட்டியேடி!"